இரண்டு போல்ட் கேரியர்கள்

ஜனவரி 6, 2024, சனி

கிறிஸ்துமஸுக்கு மகள் அனுப்பிய நோட்டு. பெயர் எழுதும் பக்கத்தில் செல்வின் தேவசகாயம், வயது 54, சான் அன்டோனியோ, டெக்சாஸ் என்று எழுதியாயிற்று. இதில் துப்பாக்கி வேலையை மட்டும் எழுதுவதாக உத்தேசம்.

பாளையங்கோட்டையில் கல்லூரியில் படிக்கும்போது என்.சி.சி.யில் சுட்டதோடு சரி. ஆறு வருடத்துக்கு முன்பு தண்டபாணிதான் என்னை இங்குள்ள கிளப்புக்குக் கூட்டிப் போனார். ஈரோட்டுக்காரர், லாரி கம்பெனியில் வேலை, என்னைவிடப் பத்து வயது இளையவர். மாதம் இரண்டாவது சனிக்கிழமை போட்டி. நானும் அவரும் ஒன்றுகூடத் தவறவிட்டதில்லை.

இந்த வருடம் பாகம் பாகமாக வாங்கி என் கையாலேயே ஒரு ரைபிள் கட்டுகிறேன். குழல் வந்துவிட்டது, கட்டை வந்துவிட்டது, மிக லேசாக அழுத்தினாலே போதும் என்கிற போட்டி டிரிகரும் வந்துவிட்டது. முடிவாகாதது போல்ட் கேரியர் ஒன்றுதான். சுட்டவுடன் உள்ளே பின்னால் ஓடி, காலித் தோட்டாவை வெளியே எறிந்து, முன்னால் வந்து அடுத்ததை ஏற்றுகிற இரும்புத் துண்டு. லேசானது என்றால் உள்ளே ஓடும் எடை குறைவு, துப்பாக்கி கையில் குறைவாக ஆடும், அடுத்த குண்டைச் சீக்கிரம் சுடலாம். ஆனால் அழுக்குக்கும் தூசிக்கும் நின்றுவிடும். சாதாரண எடை என்றால் கொஞ்சம் குதிக்கும், ஆனால் எதற்கும் நிற்காது. தண்டபாணி லேசானது என்கிறார். போட்டி நடத்தும் கார்லா அம்மா சாதாரணமே போதும் என்கிறார்.

பிரேக் பாகம் செய்யும் தொழிற்சாலையில் இருபத்திரண்டு வருடமாகத் தரக்கட்டுப்பாடு பார்க்கிறவன் நான். வாய்ப்பேச்சை வைத்து முடிவெடுப்பதில்லை. இரண்டையும் வாங்கிவிட்டேன். சமையலறைத் தராசில் வைத்தேன். சாதாரணம் 329 கிராம், லேசு 232.

"தொண்ணூத்தேழு கிராம். ஒரு எலுமிச்சம்பழம்," என்றாள் என் மனைவி பியூலா. "இதுக்கா மூணு மாசமா யோசிக்கிய?"

தராசைக் கழுவி வைக்கச் சொன்னாள். கழுவினேன்.

ஜனவரி 9, செவ்வாய்

கேரேஜில் குழலைப் பொருத்திவிட்டு உள்ளே வந்தேன். இந்தக் குளிரில் சமையலறை ஜன்னல் எல்லாம் திறந்து கிடந்தது. ஏன் என்று கேட்டேன்.

"கருவாடு வறுக்கேன். வாடை தெரியலையா உங்களுக்கு?"

"சளி."

"அக்டோபர்ல இருந்தா சளி?"

இருதய வார்டில் நர்ஸாக இருப்பவளுக்கு வீட்டிலும் யாரையாவது விசாரித்துக்கொண்டே இருக்க வேண்டும். கருவாடு நன்றாக இருந்தது.

ஜனவரி 13, சனி

போட்டி மழையால் ரத்து. மதியம் வெயில் வந்ததும் தண்டபாணியும் நானும் ரேஞ்சுக்குப் போய் முதல் சோதனை செய்தோம். சாதாரண கேரியர். இருபத்தைந்து கெஜம், இரும்புத் தட்டு, அடுத்தடுத்து இரண்டு குண்டு. டைமரில் இரண்டுக்கும் இடையே சராசரி 0.31 விநாடி. போன வருடம் பழைய துப்பாக்கியில் என் சராசரி 0.22. ஆக எடைதான் காரணம். லேசானதை மாட்டினால் சரியாகும்.

ஜனவரி 15, திங்கள்

தண்டபாணி வீட்டில் பொங்கல். அவர் மனைவி சாந்தாமணி டம்ளரில் விளிம்புவரை காபி ஊற்றிக் கொடுத்துவிட்டார். பேண்டில் கொஞ்சம் சிந்திவிட்டது. பியூலா டம்ளரை வாங்கி, பாதியைத் தன் டம்ளரில் ஊற்றிக்கொண்டு திருப்பிக் கொடுத்தாள். நான் கேட்கவில்லை.

ஜனவரி 24, புதன்

நான் கையெழுத்திட்ட ஆய்வுத் தாள் ஒன்றை அலுவலகத்தில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். பழைய கையெழுத்துபோல இல்லையாம், பொடியாக இருக்கிறதாம். பேனா சரியில்லை. மறுபடி போட்டுக் கொடுத்தேன்.

ஜனவரி 28, ஞாயிறு

ஆராதனை முடிந்து காருக்கு நடந்தோம். பின்னால் வந்த பியூலா, "வலது கையையும் வீசி நடங்க," என்றாள்.

"நான் என்ன பட்டாளத்திலயா இருக்கேன்?"

"இடது கை வீசுதுல்லா? அது மாதிரி."

வீசி நடந்தேன். கார் வரைக்கும் வீசினேன். போதுமா என்று கேட்டேன். அவள் சிரிக்கவில்லை.

பிப்ரவரி 3, சனி

லேசான கேரியரை மாட்டினேன். இதற்கு, கேரியரைப் பின்னால் தள்ளுகிற வெடிமருந்து வாயுவைக் குறைக்க வேண்டும். குழல் மேல் கடுகளவு திருகு ஒன்று இருக்கிறது. அதைத் திருப்ப ஒரு மணி நேரம் ஆனது. திருகுச் சாவி மூன்று முறை கீழே விழுந்தது. கேரேஜில் ஹீட்டர் கிடையாது, விரல் விறைத்துவிட்டது. கண்ணாடியும் மாற்ற வேண்டும்.

ரேஞ்சில் நாற்பது ஜோடி. சராசரி 0.30. இரண்டு முறை தோட்டா பாதியில் மாட்டிக்கொண்டது. தொண்ணூற்றேழு கிராம் குறைத்தும் விநாடியில் நூறில் ஒரு பங்குதான் லாபம். எங்கோ தப்பு இருக்கிறது. வாயுவை இன்னும் சரிசெய்ய வேண்டும்.

பிப்ரவரி 10, சனி

போட்டி. லேசான கேரியர்.

இரண்டாவது கட்டத்தில் ஒரு தட்டை அடித்துவிட்டு நகரும்போது துப்பாக்கி தானாக இன்னொரு முறை வெடித்தது. குண்டு மண்ணில் பட்டது. யாருக்கும் ஒன்றும் இல்லை. கார்லா "நிறுத்து" என்று கத்தினார். காலி செய்து காட்டினேன். பத்து அடிக்குள் குண்டு தரையில் பட்டால் அன்றைக்கு வெளியே, அதுதான் விதி. பெட்டியைக் கட்டினேன்.

"துப்பாக்கியா, நீயா?" என்று கேட்டார் கார்லா. அறுபது வயது, சுற்றி வளைத்துப் பேசத் தெரியாத மனுஷி. "எதுவாக இருந்தாலும் கண்டுபிடித்துவிட்டு வா செல்வின்."

கண்டுபிடிக்கிறதுதான் என் தொழில்.

சீக்கிரம் வந்துவிட்டதற்கு பியூலாவிடம் மழை என்றேன்.

பிப்ரவரி 12, திங்கள்

கிளப்புக்கு இரண்டு பக்க அறிக்கை எழுதி அனுப்பினேன். எடை குறைந்த கேரியர் வேகமாகப் போய் மோதித் திரும்புகிறது. அந்த அதிர்வில் லேசான டிரிகர் மறுபடி அழுத்தப்படுகிறது. மூல காரணம்: கேரியரின் எடை. படம், அளவு எல்லாம் சேர்த்தேன். நல்ல அறிக்கை.

பிப்ரவரி 15, வியாழன்

கார்லா என் அறிக்கையை கிளப்பில் எல்லோருக்கும் அனுப்பியிருக்கிறார். இரண்டு பேர் தங்கள் லேசான கேரியரைக் கழற்றிவிட்டார்களாம். ஹெக்டர் என்பவர் விற்றவருக்கே திருப்பி அனுப்பிவிட்டு எனக்கு நன்றி சொல்லி எழுதியிருந்தார். பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார், மரியாதையான ஆள்.

தண்டபாணியிடமிருந்து ஐந்து நாளாக போன் இல்லை. நானும் செய்யவில்லை.

பிப்ரவரி 24, சனி

சாதாரண கேரியரைத் திரும்ப மாட்டினேன். டிரிகரையும் மாற்றி, பட்டாளத்துத் துப்பாக்கியில் இருப்பதுபோலக் கனமானதைப் போட்டேன். தனியாகப் போனேன்.

தானாக வெடித்தது. இரண்டு முறை.

மார்ச் 3, ஞாயிறு

எழுத ஒன்றும் இல்லை.

மார்ச் 9, சனி

போட்டிக்குப் போகவில்லை. புல் வெட்டினேன். மெஷின் பிடியில் கை ஆடாமல் இருக்கிறது. நாற்காலியில் உட்கார்ந்து மடியில் வைத்தால் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மாத்திரை உருட்டுகிற மாதிரி ஒன்றையொன்று தேய்க்கின்றன. இடது கையை மேலே வைத்தால் நின்றுவிடுகிறது.

மார்ச் 16, சனி

இன்றைக்கு உள்ளதை உள்ளபடி எழுதுகிறேன்.

காலையில் தண்டபாணிக்கு நானே போன் செய்தேன். ஒரு சோதனை இருக்கிறது, வர முடியுமா என்றேன். ஏன் எதற்கு என்று கேட்காமல் வந்தார்.

தொழிற்சாலையில் ஒரு அளவு சரியில்லை என்றால் நாங்கள் முதலில் அளக்கிற ஆளை மாற்றுவோம். அதே கருவி, அதே பாகம், வேறு ஆள். புதிதாகச் சேர்கிறவர்களுக்கு இருபது வருடமாக நான் சொல்லிக்கொடுப்பது இது. ஜனவரியிலிருந்து கேரியரை மாற்றினேன், வாயுவை மாற்றினேன், டிரிகரை மாற்றினேன். ஆளை மாற்றவே இல்லை.

எந்த கேரியர் உள்ளே இருக்கிறது என்று அவருக்குச் சொல்லாமல் மாற்றி மாற்றிக் கொடுத்தேன். ஒவ்வொன்றிலும் முப்பது ஜோடி சுட்டார். சாதாரணத்தில் 0.21, லேசானதில் 0.19. லேசானது ஒரு தடவை மாட்டிக்கொண்டது. தானாக ஒருமுறைகூட வெடிக்கவில்லை. நான் குற்றம் சொன்ன அந்த லேசான டிரிகரையே போட்டும் வெடிக்கவில்லை.

பிறகு நான். கனமான கேரியர், கனமான டிரிகர். இரண்டே தோட்டா. ஒரே ஒரு தடவை அழுத்த வேண்டும், அவ்வளவுதான் சோதனை. அவரை எனக்கு நேர் பின்னால் நிற்கச் சொன்னேன். பத்து முறை செய்தேன். மூன்று முறை, விரல் தானாக மறுபடி அழுத்தி, இரண்டும் போய்விட்டன.

துப்பாக்கியைக் காலி செய்து மேசையில் வைத்தேன். தண்டபாணி காதுக் கவசத்தைக் கழற்றினார். தட்டுகளைப் பார்த்தபடியே கேட்டார்.

"ஏனுங்ணா, ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டீங்களே?"

"சொல்லுங்க."

"பொங்கலன்னைக்கே பாத்தனுங்ணா. காபி டம்ளரு. அப்பறம் போட்டியில குண்டு ஏத்தறப்ப உங்க கை. சொல்லோணும்னு நெனச்சேன். பெரியவரு, எப்படிச் சொல்லறதுன்னு உட்டுட்டேன். தப்பு என்னுதுதான்."

பிப்ரவரி 10 குறிப்பில் நான் எழுதாமல் விட்டது இது. அன்று எனக்கு மதிப்பெண் குறிக்க வந்து பக்கத்தில் நின்றவர் தண்டபாணிதான். குண்டு மண்ணில் பட்ட இடத்துக்கும் அவர் காலுக்கும் இரண்டடி இருக்கும். அதை அறிக்கையிலும் எழுதவில்லை.

"இரண்டடி தண்டபாணி," என்றேன்.

"ஓரடிங்ணா," என்றார். "ஷூவுக்குள்ள மண்ணு பூந்துருச்சு. வீட்டுல சாந்தாமணிகிட்டச் சொல்லலீங்க. சொன்னா உடமாட்டா."

அவருக்குப் பதினோரு வயதில் ஒரு மகள் இருக்கிறாள். பொங்கலன்று எனக்குக் கரும்பு உரித்துக் கொடுத்தவள் அவள்தான். மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். என் கை அவர் கைக்குள் ஆடிக்கொண்டிருந்தது. அவர் விடவில்லை.

மார்ச் 17, ஞாயிறு

ஆராதனைக்குப் போகவில்லை. காலை ஆகாரம் முடிந்ததும் பியூலாவை உட்காரச் சொன்னேன். கையைக் காட்டினேன்.

அவள் எழுந்துபோய் ஃபிரிட்ஜ் மேலிருந்து ஒரு தாளை எடுத்துவந்து முன்னால் வைத்தாள். நரம்பு டாக்டரிடம் மார்ச் 27, காலை பத்தரை மணிக்கு, என் பெயரில் நேரம் வாங்கியிருந்தாள். வாங்கிய தேதி ஜனவரி 10. கருவாடு வறுத்ததற்கு மறுநாள்.

"புதுசா வாறவங்களுக்கு ரெண்டரை மாசம் காத்திருக்கணும்னாங்க. சரின்னு போட்டு வச்சேன். அதுக்குள்ள நீங்களா சொல்லுவியன்னு பாத்தேன். சொல்லலன்னாலும் இழுத்துட்டுப் போயிருப்பேன்."

"உனக்கு ஜனவரியிலயே தெரியுமா?"

"சந்தேகம். மோப்பம் இல்ல. கை வீசல. தூக்கத்துல கையக் கால உதறுதிய. முகத்துல சிரிப்பு வர நேரமாவுது. நான் டாக்டர் இல்ல, நானா பேரு வைக்க முடியாது."

எனக்குக் கோபம் வந்தது. "தெரிஞ்சுக்கிட்டே என்னைத் துப்பாக்கியோட அனுப்பினியா?" என்று கத்தினேன். பிறகு தண்டபாணியின் காலைப் பற்றிச் சொன்னேன். ஒரு அடி என்று சொன்னேன்.

அவள் முகம் வெளுத்துவிட்டது.

"மழைன்னு சொன்னிய."

தாளை மடித்து மேசைமேல் வைத்தேன்.

"எனக்குக் கையப் பத்தித் தெரியும். துப்பாக்கியப் பத்தி என்ன தெரியும்? ஏதோ தட்டுல சுடுதாங்க, சாயங்காலம் வாறாங்க. நீங்க மழைன்னு சொன்னா மழைன்னு நம்புனேன். அந்தப் புள்ளைக்கு அப்பா இல்லாமப் போயிருக்கும். தெரியுதா உங்களுக்கு?"

தெரிகிறது என்றேன். அவள் எழுந்து பாத்திரம் கழுவப் போனாள். கழுவி முடித்த பாத்திரங்களையே மறுபடி கழுவினாள். நான் துணியால் துடைத்து அடுக்கினேன். ஒரு தட்டு கையிலிருந்து நழுவியது. உடையவில்லை.

துப்பாக்கிப் பெட்டகத்தின் எண்ணை மாற்றி, புது எண்ணை அவள் மட்டும் வைத்துக்கொள்ளட்டும் என்றேன். மதியம் மாற்றினோம்.

மார்ச் 27, புதன்

டாக்டர் இளம் பெண். விரல்களைத் தட்டச் சொன்னார். வராந்தாவில் நடக்கச் சொன்னார். காகிதத்தில் சுருள் வரையச் சொன்னார். ஒரே வாக்கியத்தை ஐந்து தடவை எழுதச் சொன்னார். ஐந்தாவது வரியை எனக்கே வாசிக்க முடியவில்லை.

பார்க்கின்சன்ஸ். ஆரம்ப நிலை. மாத்திரை ஒரு நாளைக்கு மூன்று வேளை. குணமாகாது, ஆனால் நல்ல வருடங்கள் நிறைய இருக்கின்றன என்றார். கார் ஓட்டுவதை ஆறு மாதம் கழித்துப் பார்ப்போம் என்றார். வேறு என்ன செய்வீர்கள் என்று கேட்டார். சொன்னேன். அவர் பியூலாவைப் பார்த்தார்.

"விட்டாச்சு டாக்டர்," என்றேன். சொன்ன பிறகுதான் விட்டுவிட்டேன் என்று எனக்கே தெரிந்தது.

திரும்பும்போது பியூலா ஓட்டினாள். வழியில் கறி வாங்கினோம்.

மார்ச் 30, சனி

மகளிடம் போனில் சொன்னோம். அழுதாள். நான் அழவில்லை. பிறகு குளியலறையில்.

ஏப்ரல் 6, சனி

தண்டபாணி வந்திருந்தார். துப்பாக்கியை அவரே எடுத்துக்கொள்ளட்டும் என்று முடிவு செய்துவிட்டேன். வேண்டாம் என்று அரை மணி நேரம் மறுத்தார். பிரித்துப் பாகமாக விற்க எனக்கு மனசு வராது என்றேன். கடைக்குப் போய் முறைப்படி அவர் பெயருக்கு மாற்றினோம்.

எந்த கேரியரோடு கொடுப்பது என்பது பாக்கி. கேரேஜில் இரண்டையும் மேசைமேல் வைத்தேன். அவருக்கு இன்னும் லேசானதில்தான் ஆசை.

"0.19 வந்துச்சுல்லீங்ணா?"

"வந்துச்சு. கனமானதுல 0.21. அந்த வித்தியாசத்துக்காக முப்பது ஜோடியில ஒரு தடவ நிக்கிற துப்பாக்கி வேணுமா? அதுவும் சுத்தமான துப்பாக்கி, சுத்தமான நாள். நீங்க பண்ணையில காட்டுப்பன்னி விரட்டவும் கொண்டு போவீங்க. தூசி. அங்கே நின்னா என்ன செய்வீங்க?"

"ஓடுவனுங்ணா."

இரண்டு பேரும் சிரித்தோம். சாதாரண கேரியரை எண்ணெய் தடவி உள்ளே வைத்தேன். லேசானதையும் பெட்டியில் போட்டுக் கொடுத்தேன். அதில் ஒரு குற்றமும் இல்லை, வாயுவை இன்னும் கொஞ்சம் திறந்தால் போட்டிக்கு நன்றாகவே ஓடும் என்றேன்.

அப்படிச் சொல்லும்போதுதான் ஹெக்டர் நினைவுக்கு வந்தார். பிப்ரவரி அறிக்கை இன்னும் கிளப்பில் அப்படியே இருக்கிறது, அடியில் என் கையெழுத்தோடு.

ஏப்ரல் 8, திங்கள்

சூரிய கிரகணம். தொழிற்சாலையில் எல்லோரும் கறுப்புக் கண்ணாடியோடு வெளியே நின்றோம். ஒரே மேகம்.

மதிய வேளை மாத்திரையை எல்லோர் முன்னாலும் போட்டேன். யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

ஏப்ரல் 13, சனி

ரேஞ்சுக்கு பியூலாதான் ஓட்டிக்கொண்டு வந்தாள். உள்ளே வா என்றேன். காரில் இருக்கிறேன் என்றாள்.

போட்டிக்கு முன் கார்லா எல்லோரையும் நிறுத்திப் பாதுகாப்பு விதிகளைச் சொல்லுவார். அவரிடம் முன்னாலேயே இரண்டு நிமிடம் கேட்டு வைத்திருந்தேன். சுமார் முப்பது பேர். வலது கையைப் பாக்கெட்டில் வைத்திருந்தேன். பேச ஆரம்பித்தபோது வெளியே எடுத்தேன். அது ஆடியது. ஆடட்டும் என்று விட்டேன்.

நான் எழுதிய அறிக்கை தப்பு என்றேன். அந்த கேரியரில் குற்றம் இல்லை, டிரிகரில் குற்றம் இல்லை, குற்றம் என் கையில் இருந்தது, நோயின் பெயர் இது என்றேன். நோய் என் தப்பு இல்லை. ஆனால் காபி சிந்தியபோதும் கையெழுத்து மாறியபோதும் எனக்கு உள்ளுக்குள் தெரியும். தெரிந்தே வேறு காரணம் தேடினேன். குண்டு விழுந்த இடத்திலிருந்து இன்னொருவர் கால் ஒரு அடியில் இருந்தது, அதை அறிக்கையிலிருந்து மறைத்தேன். என் எழுத்தை நம்பிப் பாகத்தைக் கழற்றினவர்களிடம் மன்னிப்புக் கேட்கிறேன் என்றேன்.

தண்டபாணி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஹெக்டர்தான் முதலில் வாயைத் திறந்தார். "என் தங்கைக்கும் இதேதான். ஒரு வருடம் தோள்வலி என்றே சொல்லிக்கொண்டிருந்தாள்." கொஞ்சம் யோசித்துவிட்டு, "அந்த கேரியரைப் பற்றிக் கவலைப்படாதே. கனமானதே எனக்குப் பழகிவிட்டது," என்றார்.

கார்லா என் முன்னால் வந்து நின்றார். "கண்டுபிடித்துவிட்டு வா என்றேன். வந்துவிட்டாய்," என்றார். பிறகு அவருடைய வழக்கமான குரலில் விதிகளை முதலிலிருந்து ஆரம்பித்தார்.

முதல் கட்டம் முடியும்வரை கயிற்றுக்கு வெளியே நின்று பார்த்தேன். தண்டபாணி சுட்டார். ஒன்றும் நிற்கவில்லை, எல்லாத் தட்டும் விழுந்தது. அவர் காலி செய்துவிட்டுத் திரும்பும் வரையில் நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறேன் என்பது பிறகுதான் தெரிந்தது. கிளம்பும்போது கார்லா கூப்பிட்டார். சுடுகிறவர்களுக்கு நேரம் குறிக்க ஆள் போதவில்லை, அடுத்த மாதம் வர முடியுமா என்று கேட்டார்.

காருக்கு வந்தேன். பியூலா இருக்கையைச் சாய்த்துப் படுத்திருந்தாள், ஆனால் தூங்கவில்லை.

"என்ன சொன்னாங்க?"

"அடுத்த மாசம் டைமர் பிடிக்க வாறியான்னு கேட்டாங்க."

"நீங்க என்ன சொன்னிய?"

"பியூலாகிட்டக் கேட்டுச் சொல்லுதேன்னேன்."

அவள் இருக்கையை நிமிர்த்தி, வண்டியைக் கிளப்பினாள். கேட்டைத் தாண்டி நெடுஞ்சாலையில் ஏறினாள்.

"வாறேன்னே சொல்லியிருக்கலாம்லா," என்றாள்.